கண்ணாடிக்காரர் தன் கண்ணைத் தானே சோதித்த கதை

1.

இந்தக் கதை எங்கே கிடைத்தது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு யாராவது கண்டுபிடித்து என் மானத்தை வாங்குவதைவிட அது மேல். ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. என் கண்ணாடியின் ஒரு கை ஒடிந்திருந்தது, சரிசெய்யப் போனேன். வந்ததுதான் வந்தீர்கள், பவரையும் பார்த்துவிடலாமே என்று கடைக்காரர் என்னை உள்ளறையில் உட்காரவைத்துவிட்டார்.

அறை சின்னது. எழுத்து அட்டையை இத்தனை தூரத்தில் மாட்ட வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறதாம். அத்தனை தூரம் அந்த அறையில் கிடையாது. அதனால் அட்டையை நாம் உட்காரும் நாற்காலிக்குப் பின்னால், தலைக்கு மேலே மாட்டியிருந்தார். எதிர்ச்சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. அட்டையில் எழுத்துகளை இடம் வலமாகத் திருப்பி அச்சடித்திருப்பார்கள், நிலைக்கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும். எனக்குக் கடைசி வரி சரியாகத் தெரியவில்லை. "ட... ப..." என்று இழுத்தேன். லென்ஸ் பெட்டிக்குள் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிராமலே, "ட, ப, ம, ய, ல, க. இப்ப இதைப் போட்டுப் பாருங்க" என்றார் உரக்க.

"பாக்காமலே சொல்றீங்களே?"

"இருபத்தெட்டு வருஷம் சார்! தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்!" என்று கத்தினார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது ஒரு சந்தேகம் தட்டியது. அப்படியானால் இவருடைய கண்ணை யார் சோதிப்பது? அவ்வளவுதான், கதை பிறந்துவிட்டது. [பிறந்தது இங்கேதான் என்று இப்போதைக்கு நம்பிக்கொள்ளுங்கள். மீதியைப் பின்னால் பேசிக்கொள்ளலாம்.]

2.

தொடங்குவதில்தான் தகராறு.

முதல் முயற்சி: "அன்று காலை வானம் மெல்ல—" வேண்டாம். கண் தெரியாதவர் கதையை வானத்தில் தொடங்கினால் அவரைக் கேலி செய்வது போலிருக்கும்.

இரண்டாம் முயற்சி: "உண்மையைப் பார்க்காமல் இருப்பதற்கு மனித மனம் கைக்கொள்ளும் வழிகள் பல. அவையாவன:" இதை என் மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்துவிட்டு, "யாருக்குப் பரீட்சை?" என்று கேட்டாள். மூன்று முறை கேட்டாளாம். மூன்றாம் முறைதான் எனக்கு எட்டியது.*

மூன்றாம் முயற்சி: "திங்கட்கிழமை காலை, ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, கண்ணாடிக்காரர் தன் கண்ணைத் தானே சோதித்துக்கொண்டார்." இது நிற்கும்.

(* என் மனைவிக்கு இரண்டு வருடமாக ஒரு பழக்கம். வாய்க்குள்ளேயே பேசுகிறாள், அதுவும் சுவரைப் பார்த்து. வயதானால் சிலருக்கு அப்படித்தான். நான் சொல்லிக்காட்டுவதில்லை.)

3.

வாராவாரம் செய்வதுதான். வாடிக்கையாளர் நாற்காலியில் அவரே உட்காருவார். உள்ளங்கையால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "கடைசி வரியைப் படிங்க" என்று தனக்குத் தானே உத்தரவு போடுவார். "ட, ப, ம, ய, ல, க" என்று மளமளவென்று ஒப்பிப்பார். பிறகு மறு கண். பிறகு எழுந்து போய் ஒரு சீட்டை எடுத்து, தேதி போட்டு, 'இரு கண்களும் நன்று' என்று எழுதிக் கையெழுத்திட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டுவார். நூற்றுச் சொச்சம் சீட்டுகள் சேர்ந்துவிட்டன. கடைசி சில மாதத்துச் சீட்டுகளில் எழுத்து கோட்டிலிருந்து இறங்கி ஓரத்துக்குப் போயிருந்தது.

அவர் யாரையும் ஏமாற்றவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும், இல்லாவிட்டால் கதை படுத்துவிடும். நிஜமாகவே படிப்பதாகத்தான் நினைத்தார். எழுத்து வாயில் வந்ததும், அது கண்ணாடியிலும் தெரிவது போல இருந்தது. கண் சோதிக்கும் தொழிலில் இருப்பவரைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தவறைச் செய்ய வாய்ப்பே கிடையாது.

இரண்டு கண்ணிலும் புரை. வருடத்துக்கு நாற்பது பேருக்கு அவரே டார்ச் அடித்துப் பார்த்து, "ஒண்ணுமில்லம்மா, அரை மணி நேர ஆபரேஷன், மறுநாள் பேப்பர் படிக்கலாம்" என்று ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைப்பவர். விளக்கைச் சுற்றி வளையம் தெரிந்தால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் கடை வாசலில் 'இங்கே கண் சோதிக்கப்படும்' என்று பெரிதாக எழுதிப்போட்டுவிட்டு, கண்ணில் கட்டோடு எப்படி உட்காருவது? கட்டை அவிழ்த்த பிறகுகூட, "அவருக்கே ஆபரேஷனாம்" என்று நாலு பேர் சொன்னால் போதும். அவருக்குப் பயம். அப்பட்டமான பயம். நான் இதைப் பூசி மெழுகப் போவதில்லை.

4.

[இந்தப் பகுதி கட்டுரை போலிருக்கிறது. பிடிக்காதவர்கள் ஐந்துக்குத் தாவலாம். ஆனால் இதை எழுத நான் நான்கு புத்தகம் படித்தேன்.]

மனம் பொய் சொல்வதில் ஒரு படிக்கட்டு இருக்கிறது. முதல் படி, 'எனக்கு ஒன்றுமில்லை'. கண்ணாடிக்காரர் அதில் ஒரு வருடம் சௌகரியமாக உட்கார்ந்திருந்தார். அது ஆட்டம் காணத் தொடங்கியதும் சப்பைக்கட்டுக்கு ஏறினார். உள்ளறை பல்பை மூன்று மாதத்தில் நான்கு முறை மாற்றினார். "இப்பல்லாம் பல்பா செய்யறாங்க? பேருக்கு எரியுது!" நாளிதழில் மை மட்டம். நிலைக்கண்ணாடியில் ரசம் போய்விட்டது. அதைத் துடைத்துத் துடைத்தே அவர் மனைவியின் முந்தானை நைந்தது.

அடுத்த படிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தன்னிடம் உள்ளதை அடுத்தவரிடம் பார்ப்பது. திடீரென்று ஊரில் எல்லோருக்கும் புரை வந்துவிட்டது. எதிர்க்கடைத் தையல்காரர் ஊசியில் நூல் கோக்க ஒரு நிமிடம் திணறினார் என்று, ரோட்டைக் கடந்துபோய் அவர் இமையைத் தூக்கிப் பார்த்து, "முத்திப்போச்சுய்யா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ!" என்று கத்தினார். தையல்காரர் குடும்பத்தோடு பதறியடித்துக்கொண்டு ஓடினார். அங்கே, அவருடைய கண் கழுகுக் கண் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தையல்காரர் இவரைக் கண்டால் ஊசியைக் கீழே வைப்பதில்லை.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு ஒரே சிரிப்பு. ஒரு மனிதன் தன்னைப் பற்றி இவ்வளவு தெரியாமல் இருக்க முடியுமா?

( இங்கே தொலைபேசி வந்து எழுத்து நின்றுபோனது. எங்கள் வீட்டுத் தொலைபேசி மகா மட்டம். பேசுகிறவர்கள் எல்லோரும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார்கள். அழைப்புமணியும் அப்படித்தான். ஒரு வருடத்தில் இரண்டு மணி மாற்றிவிட்டோம்.)

5.

கடைசிப் படி: பழியைத் தூக்கி எளியவர் தலையில் போடுவது. அதற்கு ஒரு எளியவர் வேண்டும். ஆகவே மச்சான்.

மச்சான் என்றால் கண்ணாடிக்காரரின் மனைவிக்குத் தம்பி. பின்கட்டில் லென்ஸ் தேய்ப்பவர். இவரைப் பற்றி எனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம்தான். ரொம்ப நல்லவராக வந்துவிட்டார். ஒவ்வொரு லென்ஸையும் மூன்று முறை அளப்பார், சீட்டில் எழுதியதற்கு ஒரு மயிரிழைகூட மாறாமல் தேய்ப்பார். இப்படிப்பட்டவரை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது? சரி, ஒரு சூதாட்டப் பழக்கம் கொடுக்கலாம் என்று "மச்சான் சீட்டாட்டத்தில்—" வரைக்கும் எழுதினேன். பேனாவே நகரவில்லை. கடைசியில் ரோஷத்தைக் கொடுத்தேன். யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் மாதக்கணக்கில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வார். இப்போது நிற்கிறார்.

6.

பேருந்து ஓட்டுநர் மூன்றாவது முறையாகக் கண்ணாடியைத் திருப்பிக் கொண்டுவந்தார்.

"சார், உள்ள உக்காரவெச்சு சோதிக்கும்போது பளிச்சுனு இருந்துச்சு! நீங்க செஞ்சு குடுத்ததைப் போட்டா எல்லாம் கலங்கலா இருக்கு! ஸ்டாப்புல நிக்கிறவங்க கையக் காட்டறாங்களா, தலையச் சொறியறாங்களான்னே தெரியலை! நேத்து தலையச் சொறிஞ்சவருக்கு வண்டிய நிறுத்திட்டு, கையக் காட்டின அம்மாவ விட்டுட்டுப் போயிட்டேன்!" என்று கத்தினார்.

என்ன நடந்தது என்று உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். சோதனை லென்ஸ் ஒவ்வொன்றின் பிடியிலும் பவரைக் கடுகு போலப் பொறித்திருப்பார்கள். கண்ணாடிக்காரருக்கு அது கண்ணில் தெரியாமல்போய் ஒரு வருடமாகிறது. ஆகவே பெட்டியில் எந்தப் பள்ளத்திலிருந்து எடுத்தாரோ, அந்தப் பள்ளத்தின் கணக்கில் எண்ணைச் சீட்டில் எழுதுவார். ஆனால் எடுத்த லென்ஸைத் திருப்பி வைப்பதும் அவர்தானே. ஒரு பள்ளம் தள்ளி வைத்துவிடுவார். ஓட்டுநருக்குப் பளிச்சென்று தெரிந்தது ஒரு லென்ஸ், சீட்டில் ஏறியது வேறு எண். அந்த எண்ணைத்தான் மச்சான் இம்மியும் பிசகாமல் தேய்த்துக் கொடுத்தார்.

"மிஷினைப் பாத்து ஓட்டத் தெரியாதா உனக்கு? கை நடுங்குதா?" என்று கண்ணாடிக்காரர் கடை முழுக்கக் கேட்கும்படி உறுமினார்.

"அத்தான், நீங்க எழுதினதுதான். சீட்டு இருக்கு, பாருங்க" என்று மச்சான் சீட்டை நீட்டினார்.

சீட்டை நீட்டியதுதான் தப்பு. அதை வாங்கிப் படிக்க வேண்டுமே. கண்ணாடிக்காரர் அதை வாங்கவே இல்லை. "என் எழுத்தையே எனக்குக் காட்டறியா? பதினெட்டு வருஷம் சோறு போட்டதுக்கு இதுவா? திங்கட்கிழமையிலேர்ந்து நீ வர வேண்டாம்!"

ஓட்டுநர் தரையைப் பார்த்தார். மச்சான் மேலங்கியைக் கழற்றி நாலாக மடித்து மிஷின்மேல் வைத்தார். கல்லாவில் உட்கார்ந்திருந்த அக்கா தம்பியைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் தெரியும். போன மாதம் அவர் அவளுடைய கன்னத்தில் ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையை மரு என்று நினைத்துக்கொண்டு முழு மத்தியானமும் பேசிக்கொண்டிருந்தாரே, அன்றைக்கே தெரியும். கண்டும் காணாமல் இருந்துவிட்டாள். அதுவும் ஒரு படிதான், ஆனால் அதற்கு என் நான்கு புத்தகத்திலும் பெயர் இல்லை.

7.

இதுவரை எழுதியதை என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். அவள்தான் என் முதல் வாசகி, ஈவிரக்கம் இல்லாதவள். சாப்பாட்டு மேசையில் எனக்கு நேரெதிரே உட்கார்ந்து படித்து முடித்தாள். தாள்களைத் தட்டி அடுக்கினாள்.

"ஏங்க, இதுல ஏன் எல்லாரும் கத்தறாங்க?"

"எங்கே கத்தறாங்க?"

"எங்கேன்னு கேக்கறீங்களா? கடைக்காரர் உங்ககிட்ட கத்தறார். தையல்காரர்கிட்ட கத்தறார். டிரைவர் கத்தறார். அப்புறம் கடைக்காரர் உறுமறார். ஒருத்தர்கூட சாதாரணமாப் பேசலை."

"அது ஒரு பாணி."

"சரி. தெருவுல கடை, பக்கத்துல பஸ் போகுது, பின்கட்டுல மிஷின் ஓடுது. ஒரு சின்ன சத்தம்கூட இல்லையே இதுல. லென்ஸ் தேய்க்கற மிஷின் கீச்சுன்னு கத்துமே, அது எங்கே? இந்தக் கதைன்னு இல்ல, ரெண்டு வருஷமா நீங்க எழுதற எதுலயும் மழை பெய்யற சத்தம்கூட இல்ல. மழை பெய்யுது, நனையறாங்க. அவ்வளவுதான்."

நான் என்ன செய்தேன்? நான்கு புத்தகம் படித்தவன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். காட்சிமொழி, நவீன உரைநடையில் மௌனத்தின் இடம் என்று கால் மணி நேரம் பேசினேன். அவள் காது கொடுத்துக் கேட்டாள். அவளுக்குக் காது இருக்கிறது. பிறகு எழுந்துபோய் ஒரு சின்ன அட்டையைக் கொண்டுவந்து தாள்களின்மேல் வைத்தாள். காது பரிசோதனை, வியாழக்கிழமை, பத்தரை மணி. இது மூன்றாவது அட்டை. முதல் முறை மழை வந்தது. இரண்டாம் முறை—

இரண்டாம் முறை நடந்ததைச் சொல்லிவிட வேண்டியதுதான். வீட்டை விட்டு ஒழுங்காகத்தான் கிளம்பினேன். காது பரிசோதனை நிலையம் முதல் மாடியில். படியேறினால் இடது பக்கம் அந்தக் கதவு, வலது பக்கம் கண்ணாடிக் கடை. என் கண்ணாடியின் கை ஆறு மாதமாக ஒடிந்துதான் கிடந்தது. அந்த நிமிடத்தில்தான் அதைச் சரிசெய்வது தலைபோகிற அவசரமாகிவிட்டது. வலது பக்கம் திரும்பினேன்.

இந்தக் கதை அங்கேதான் பிறந்தது.

8.

கதையை விட்ட இடத்திலிருந்து பிடிக்கிறேன். [இப்போதும் தப்பித்துத்தான் ஓடுகிறேன். தெரிந்தே ஓடுகிறேன்.]

திங்கட்கிழமை. கடைசியாக ஒரு முறை வந்து தன் அளவுகோலை எடுத்துக்கொண்டு போகிறேன் என்று மச்சான் பின்கட்டில் நின்றார். ஓட்டுநர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதுக் கண்ணாடி இன்று கிடைக்காவிட்டால் லீவு போட வேண்டும், கலங்கல் கண்ணோடு ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு போக அவருக்கு மனசில்லை.

கண்ணாடிக்காரரின் மனைவி அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். ஸ்டூல் போட்டு ஏறி, இருபத்தெட்டு வருட அட்டையைக் கழற்றினாள். லென்ஸ் கம்பெனிக்காரர் எப்போதோ இலவசமாகக் கொடுத்துப் பரண்மேல் கிடந்த, அதே போலத் திருப்பி அச்சடித்த வேறொரு அட்டையை மாட்டினாள். அதில் கடைசி வரி: ர, ச, ந, வ, ட, த. இறங்கி, திரைக்குப் பின்னால் போய் நின்றாள்.

அவர் வந்தார். உட்கார்ந்தார். கண்ணைப் பொத்தினார். "கடைசி வரியைப் படிங்க." நிலைக்கண்ணாடியில் ர, ச, ந, வ, ட, த என்று பளிச்சென்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: "ட, ப, ம, ய, ல, க."

மறு கண். "ட, ப, ம, ய, ல, க." குரலில் என்ன ஒரு பெருமிதம்.

சீட்டை எடுத்துத் தேதி போட்டார். 'இரு கண்களும்' என்று எழுதும்போது திரை விலகியது.

"ஏங்க," என்றாள் அவள். கத்தவில்லை. "அட்டை மாத்தியாச்சு."

9.

இங்கே பேனா நின்றுவிட்டது. மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன்.

முதலாவது. அவர் நாற்காலியை விட்டு எழுந்து, அட்டையிடம் மூக்கு உரசப் போய் நின்று பார்த்துவிட்டு, "அச்சுல கோட்டை விட்டுட்டான்" என்கிறார். கம்பெனிக்குப் புகார்க் கடிதம் எழுத உட்காருகிறார். மச்சான் அளவுகோலோடு போய்விடுகிறார். சிரிப்பு வருகிறது, ஆனால் ஓட்டுநர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாரே, அவரை என்ன செய்வது?

இரண்டாவது. அவர் உடைந்து அழுகிறார். பின்கட்டுக்கு ஓடி மச்சானைக் கட்டிக்கொள்கிறார். மச்சானும் அழுகிறார், ஓட்டுநரும் அழுகிறார், பேருந்தில் காத்திருந்தவர்களும்— போதும். இதை எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.

மூன்றாவது. அவர் அமைதியாகத் தலையசைத்து, "சரி, நீ படி, நான் கேக்கறேன்" என்கிறார். அவள் படிக்கிறாள். ர, ச, ந, வ, ட, த. அடுத்த திங்கட்கிழமைக்குள் புது வரியும் மனப்பாடம். இதுதான் உண்மைக்குப் பக்கத்தில் வருகிறது என்று எனக்குப் படுகிறது. ஏனென்றால், வியாழக்கிழமைக்கு நானும் ஒரு திட்டம் வைத்திருக்கிறேன். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அழுத்தச் சொல்வார்களாம். வெளியே மிஷினில் சத்தம் எழுப்பும் பெண்ணின் விரலைக் கவனித்துக்கொண்டிருந்தால் போதாதா? விரல் அசைந்தால் அழுத்துவது. என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை.

10.

நேற்று மூன்று முடிவையும் என் மனைவியிடம் படித்துக்காட்டினேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். மூன்றையும் கேட்டாள். சிரித்தாள், தோள் குலுங்கியது தெரிந்தது. பிறகு மடிப்பதை நிறுத்திவிட்டு, ஜன்னலைப் பார்த்தபடியே, நாலைந்து வாக்கியம் சொன்னாள். கண்ணாடிக்காரர் என்ன செய்தார் என்று சொன்னாள். அது நிச்சயம். கையை அட்டை போலத் தூக்கிக் காட்டினாள், ஒரு இடத்தில் அவள் தலை ஒரு பக்கம் சாய்ந்தது. அதுதான் கதையின் முடிவு. என் மூன்றையும்விட நல்ல முடிவு, அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

நான், "ம், நல்லா இருக்கு" என்றேன்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

இப்படித்தான் போன வருடம் முன்னறைக்குப் பச்சை வண்ணம் பூச நான் சம்மதித்திருக்கிறேன். அவளுடைய தங்கை வீட்டில் பத்து நாள் தங்க ஒப்புக்கொண்டிருக்கிறேன். அதெல்லாம் போகட்டும். இரண்டு வருடத்தில் அவள் எவ்வளவோ சொல்லியிருப்பாள். வலிக்கிறது என்று சொல்லியிருக்கலாம், ஏதாவது நினைவு வந்து சிரித்துச் சொல்லியிருக்கலாம், எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டியிருக்கிறேன். சுவரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று உங்களிடம் புகார் சொன்னேனே, அந்தச் சுவர் நான்தான். இப்போதெல்லாம் அவள் சொல்வதும் குறைந்துவிட்டது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே இந்தக் கதைக்கு முடிவு என்னிடம் இல்லை. உள்ளறையில் இருக்கிறது. அதை வாங்க வேண்டுமானால் நான் எழுந்துபோய், "என்ன சொன்னே? எனக்குக் கேக்கலை" என்று சொல்ல வேண்டும். கதையில் ஒருவருக்கு வசனம் எழுதிக் கொடுப்பது எவ்வளவு சுலபம் தெரியுமா, நாமே சொல்வதற்கு நாக்கு எழுவதில்லை.

பேனாவை மூடிவிட்டேன், போகிறேன். கீழே கொஞ்சம் இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் இங்கேயே இருங்கள். கண்ணாடிக்காரரையும், பின்கட்டில் அளவுகோலோடு நிற்கும் மச்சானையும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரையும் அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள். நான் "ம், நல்லா இருக்கு" என்று தலையாட்டிக்கொண்டே திரும்பி வந்தால், என்னை உள்ளே விடாதீர்கள். மறுபடி அவளிடமே அனுப்புங்கள்.